கைக்குட்டையில் விழுந்த அப்பம்

பாலத்தின் முதல் தூண் கண்ணில் பட்டதும் என் கை தானாக மூடிக்கொள்கிறது, நான்கு விரல்களும் உள்ளே, கட்டைவிரல் மேலே, கீழே தாமிரபரணி, நடுவில் பேருந்து, அடுத்த கரை வரும்வரை இந்தப் பிடியை விடக்கூடாது, விட்டால் பேருந்து ஆற்றுக்குள் போய்விடும், ஐந்து வயதிலிருந்து இந்த இருபது வயதுவரை நான் ஏறிய எந்தப் பேருந்தும் ஆற்றில் விழாததற்கு நான்தான் காரணம், சம்பளத்தை மட்டும் ஓட்டுநர்கள் வாங்கிக்கொண்டார்கள். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் ஒரு பிடி, அம்மா குக்கர் மூடியைத் திறந்தால் ஒரு பிடி, உலகத்தைத் தாங்குகிற கௌரவப் பணி, விடுமுறை கிடையாது, பிடிக்கப் பிடிக்கக் கை வியர்க்கும், சும்மா வியர்ப்பதல்ல, சொட்டும், அதனால் எப்போதும் உள்ளங்கையில் ஒரு கைக்குட்டை, தேர்வுத்தாளில் மை கரைந்து ஓடியதைப் பார்த்த பேராசிரியர் ரொம்ப உருகி எழுதியிருக்கியேப்பா என்று தோளில் தட்டினார், அது புள்ளியியல் தாள்.

கல்லூரியில் நான் சிரிக்க வைக்கிறவன், சுவர்ப் பத்திரிகையில் விடுதிச் சாம்பாருக்கு இரங்கற்பா எழுதியவன், கவலை என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம் எனக்கு, முகம் என்றைக்கும் வியர்த்ததில்லை, எல்லாவற்றையும் கைதான் பார்த்துக்கொண்டது. பதினாறு வயதில், சபையில் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் ஆராதனை, வெள்ளைச் சட்டையில் இருபத்திரண்டு பேர் வரிசையாக முழங்காலில் நிற்கிறோம், இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து விரித்து ஏந்த வேண்டும், ஆறு மாத வகுப்பில் நான் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றைத்தான், பேராயர் ஒவ்வொருவராக அப்பம் வைத்துக்கொண்டு வருகிறார், முதல்முறையாகத் திருவிருந்து, என் முறை வந்தபோது கையை விரித்தேன், விரித்த கையில் கைக்குட்டை இருந்தது, நான்காக மடித்து, ஓரத்தில் நீலப் பூ, பேராயர் பழக்கத்தில் அதன்மேலேயே அப்பத்தை வைத்துவிட்டு ஒரு கணம் நின்று பார்த்தார், மேசைவிரிப்பெல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கியா தம்பி என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், அவர் சிரித்தார், அன்பான சிரிப்புதான், ஆனால் பக்கத்தில் நின்றவன் தோள் குலுங்கியது, அடுத்தவன் தோள் குலுங்கியது, இருபத்திரண்டாவது தோள்வரை அது போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் திருவிருந்துக்குப் போகவில்லை, அந்த நேரம் பார்த்து வெளியே வந்து யாருடைய வண்டி நிழலில் நிற்கிறது என்று சரிபார்ப்பேன், நாலு வருசமா நம்ம கோயில்ல வண்டிக்கெல்லாம் நல்ல பாதுகாப்பு என்று அம்மா சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம், அவளுக்கு மூட வேண்டியது மூடவில்லை, எனக்குத் திறக்க வேண்டியது திறக்கவில்லை, வீட்டில் இருந்தது இரண்டு பேர், குறையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில், நேற்றுப் பாலத்தைக் கடக்கும்போது என் கையைக் குனிந்து பார்த்து கையில என்னல வச்சிருக்க என்றாள், ஒண்ணுமில்ல என்றேன், ஒண்ணுமில்லாததயா இந்தப் பிடி பிடிக்க என்றாள். இன்று காலை ஆறு மணிக்கு நர்ஸ் வந்து சோப்புத் தண்ணீர் தடவி அவள் விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள், உள்பக்கம் அப்பாவின் பெயர், தேய்ந்துபோய்ப் பாதிதான் தெரிந்தது, அதை வைத்து மூடிய கை ஏழு மணிக்குள் மரத்துப்போனது, அம்மா திரும்பி வரும்வரை திறக்கக்கூடாது, திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஒருதரம் மூடாமல் இருந்திருக்கிறேன்.

அந்த விரலக் கொஞ்சம் நீட்டுல, வெள்ளையா போச்சு பாரு என்றாள் அம்மா, மாட்டேன் என்றேன், ஏன் என்றாள், பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாததை ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், ஒன்பது வயதில் தினமும் அப்பா கோவில்பட்டி வேலைக்குப் புறப்பட்டதும் வாசல் கேட்டருகே நான் கையை மூடிக்கொண்டு நிற்பேன், அவருடைய பேருந்து பாலம் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் திறப்பேன், அன்றைக்கு என் கையில் மாம்பழம் இருந்தது, இரண்டு கையிலும், மூட முடியவில்லை, மத்தியானம் அலுவலக நாற்காலியிலேயே அப்பாவுக்கு நெஞ்சு நின்றுபோனதாக ஆள் வந்தது, என் முழங்கையில் அப்போதும் சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏல, அந்த மாம்பழத்த நறுக்கி ஒங்கையில தந்தது நாந்தானல என்றாள் அம்மா, அப்ப நானும் சேந்துல்லா கொன்னுருக்கேன், சொல்லு. ஒங்க அப்பாவோட ஆயுசு ஒங்கையிலயா இருந்துச்சு, பைக்குச் சாவிய எங்க வச்சேன்னே நீ தினம் என்னத்தான கேக்க என்றாள், சிரித்தாள், சிரித்தால் மூச்சு வாங்குகிறது, ஆண்டவர் கையில இருந்த மனுசன அவரு எடுத்துக்கிட்டாரு, எனக்கும் வலிக்கத்தான் செஞ்சுது, ஆனா அத நீ தூக்கிச் சொமக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே ராசா.

அப்போதுதான் எங்கள் சபைக் குருவானவர் ஞானதுரை ஐயா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார், கையில் டிபன் டப்பா அளவுக்குத் திருவிருந்துப் பெட்டி, கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் படித்தார், வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது, அடடா என்று நெற்றியில் அடித்துக்கொண்டார், அடி தலைக்கவசத்தில் பட்டது. ஆபரேசன்னா பட்டினின்னு தெரியாதாய்யா, முப்பது வருசமா ஆஸ்பத்திரிக்கு வாரீங்களே என்றாள் அம்மா. தெரியும்மா, அவசரத்துல மறந்துட்டேன், ஜெபம் பண்ணிட்டுப் போயிருதேன் என்று பெட்டியை மூடப் போனவரை மூடாதீங்க, எம்மவனுக்குக் குடுங்க, எனக்கும் சேத்து அவன் வாங்கட்டும் என்று தடுத்தாள். ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாங்குற மொறை நம்ம சபையில கெடையாதும்மா என்றார். சரி, அவனுக்குன்னே வாங்கட்டும், நான் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன் என்றாள்.

என்னைப் பார்த்தார்கள், இரண்டு பேரும், நான் ஒரு வேடிக்கைப் பேச்சைத் தேடினேன், எப்போதும் சட்டைப்பையில் இரண்டு மூன்று இருக்கும், ஒன்றும் இல்லை. மோதிரம் என்றேன். பையில போடு, அது எங்கயும் ஓடிராது என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, மோதிரம் உள்ளங்கையில் வட்டமாகத் தடம் பதித்திருந்தது, அதைப் பையில் போட்ட கை பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்தது, அம்மா படுத்தபடியே எட்டி அதை உருவித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். சிமெண்டுத் தரையில் முழங்கால், இடது கைமேல் வலது கை, நடுவில் குளம், இத்தனை ஈரத்தில் எப்படி ஐயா என்றேன், ஆண்டவர் கடல்மேலயே நடந்தவரு தம்பி, ஒங்கை ஈரமா அவருக்குப் பெரிசு என்று ஐயா அப்பத்தை வைத்தார், அது வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது, உதட்டால்தான் எடுக்க வேண்டியிருந்தது, உப்புக் கரித்தது, திராட்சரசம் ஒரு மிடறு, ஆமென் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குள் வேறு ஏதோ புறப்பட்டு வந்தது, ஆண்டவரே, இனி நீரே பிடித்துக்கொள்ளும், எனக்குக் கை வலிக்கிறது, பிறகுதான் ஆமென் வந்தது. தள்ளுவண்டியில் போகும்போது அம்மா திரும்பிப் பார்த்து வாசக் கேட்டுப் பக்கத்துல நின்ன மாதிரி இங்க நிக்காத, போய் இட்லி தின்னு என்றாள், கதவு மூடியது.

நான் போய் இட்லி தின்றேன். நான்கு. இடையிடையே கை மூடப் பார்த்தது, ஒவ்வொரு தடவையும் சட்னியைத் தொட்டு அதற்கு வேறு வேலை கொடுத்தேன், பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய், அது எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது, ஆனால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இப்போது எனக்கு இல்லை. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, காத்திருப்போர் பெஞ்சில் கண் செருகுகிறது, பெஞ்சு நகர்கிறது, ஜன்னலோரத்தில் அம்மா, முன்னிருக்கையில் அப்பாவின் பின்தலை, பாலத்தின் முதல் தூண் வருகிறது, நான் அவசரமாகக் கையைத் தேடுகிறேன், இரண்டு கையிலும் மாம்பழம், சாறு முழங்கைவரை வழிகிறது, இரண்டாவது தூண், மூன்றாவது தூண், யாரோ ஓட்டுகிறார், முகம் தெரியவில்லை, வண்டி குலுங்காமல் போகிறது, அப்பா திரும்பாமலேயே தின்னுல, நல்லாருக்கா என்கிறார்.

ஜெயசீலி ஆளு யாரு என்று ஒரு குரல், அம்மாவின் பெயர், நான் எழுந்து நிற்கிறேன், மணி நான்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை முதுகால் தள்ளிப் பிடித்தபடி நர்ஸ், நல்லபடியா முடிஞ்சுட்டு, கண்ணத் தொறந்தாச்சு, அஞ்சு நிமிசந்தான், பேச்சுக் குடுக்கக் கூடாது, கைய விரிங்க என்கிறாள். விரித்தேன், இடதுமேல் வலது. இதென்ன இப்படி ஏந்துதீங்க என்று சிரித்துவிட்டுக் கிருமிநாசினியை ஊற்றினாள், சில்லென்று பரவியது, இந்தக் கையில் என்னுடையதல்லாத ஈரம் இது, கைக்குட்டையைத் தேடவில்லை, அது உள்ளே அம்மாவின் தலையணையோடு எங்கோ போயிருந்தது. நல்லா தேச்சு, காயிற வரைக்கும் விரிச்சே வச்சுக்கிட்டுப் போங்க என்றாள் நர்ஸ், நீளமான நடை, இரண்டு பக்கமும் தூண்கள், கடைசிக் கட்டிலில் அம்மா, அக்கரை எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் விரித்த கைகளோடு நடந்தேன்.