சூடு ஆறும்வரை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தவரிடமிருந்து கிடைத்தது. அவர் கொடுத்தார், நான் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். வாயின் இரண்டு பக்கமும் பஞ்சு, நாக்கின் மேல் எச்சில் உறிஞ்சும் குழாய், பாதி முகம் மரத்துப் போயிருந்தது. கதை கேட்க இதைவிடத் தோதான நிலை கிடையாது. குறுக்கே பேசவே முடியாது.

அந்தப் பல் டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பதில் சொல்ல முடியாதவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியவர். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார். நாம் "ஆ" என்போம். "நல்லது, நல்லது" என்று அவரே முடித்துக்கொள்வார். அவருடைய பேச்சுவார்த்தைகள் எல்லாம் பல வருஷங்களாக இப்படித்தான் நடந்து வருகின்றன. [இதை இங்கேயே சொல்லிவிட்டால் வாசகர் மிச்சத்தை ஊகித்துவிடுவார் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். ஊகிக்கட்டும். இது துப்பறியும் கதை இல்லை.]

2

தொடக்கம் வரவில்லை. முதலில் எழுதியது:

"காலைக் கதிரவன் பந்தயத் திடலின் தார்ப்பாதையில் பொன்னை உருக்கி"

வேண்டாம். கதிரவன் பாவம், எத்தனை கதைக்குத்தான் உழைப்பான். அடுத்தது:

"டிஃபரன்ஷியல் என்பது யாதெனில்"

இது பாடப்புத்தகம். ஆனாலும் அதைச் சொல்லாமல் நகர முடியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைவில் கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் சண்டையில்லாமல் அனுப்பி வைக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். டாக்டருடைய மகளின் காரில் அது பின்னால், அடியில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எண்ணெய். தெருவில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பந்தயத் திடலில் விடாமல் விரட்டினால் எண்ணெய் கொதித்துப் போகும், டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரியும். எரிந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் தேய்ந்துபோகும்.

"எங்க போனாலும் உங்களுக்குப் பல்லுதான் மாட்டுதுப்பா" என்று மகள் சிரித்தாளாம்.

மகள் லிஃப்ட் கம்பெனியில் எஞ்சினியர். நகரத்தின் மறுகோடியில் தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அங்கே காருக்குக் கூரை இல்லை என்பதால், இரண்டு கதவுள்ள அந்த வேகக் கார் அப்பா வீட்டு ஷெட்டில் கிடந்தது. திடலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் அப்பாவும் மகளும் அதில் போவார்கள். அவள் ஓட்டுவாள். அவர் காற்றழுத்தம் பார்ப்பார், போல்ட்டு முடுக்குவார், கையில் துணியோடு நிற்பார்.

3

கொஞ்ச நேரம் ஓட்டினாலே விளக்கு எரிந்துவிடும். அவள் பாதையை விட்டு உள்ளே, அப்பா நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவாள். எஞ்சினை நிறுத்தி, டாஷ்போர்டு மட்டும் எரியும்படி சாவியை விட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும், பந்தய டயர் மாட்டுவதற்காகக் கழற்றிப் போட்ட சக்கரங்களின் மேல் உட்காருவார்கள். அங்கிருந்தே விளக்கு தெரியும். அது அணையும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. எண்ணெயை யாரும் அவசரப்படுத்த முடியாது.

பிளாஸ்கிலிருந்து டீ. அவள் பேசுவாள். அவர் கையில் கருவி எதுவும் இல்லாததால் கேட்பார்.

இரண்டு வக்கீல்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை ஒருநாள் சொன்னாள். ஒரே வழக்கில் எதிரெதிர்த் தரப்பு. அவள் போய்க் கதவைத் திறந்தபோது வழக்கே சமாதானமாகியிருந்ததாம். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா சம்பந்தியாவே ஆயிருப்பாங்கப்பா." அவர் டீ புரையேறச் சிரித்தார்.

இன்னொரு நாள் சொன்னாள்: "சின்ன வயசுல நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாலே போதும். எங்க, ஆ காட்டுன்னு பல்லைப் பாக்க ஆரம்பிச்சிருவீங்க. என்ன சொல்ல வந்தேன்னு கேக்கவே மாட்டீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. என் பல்லைக் குடைந்துகொண்டே இதைச் சொன்னபோதும் அவர் கை ஒரு கணம் நின்றது.*

* பயந்துபோனேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். டிரில் உள்ளே இருந்தது.

4

இப்போது கதையின் நடுப்புள்ளி. முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

அன்று அவள் கையுறையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். டீ குடிக்கவில்லை. "அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல" என்றாள். அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. "சரிப்பா, அப்புறம் சொல்றேன்" என்று எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

வாக்கியங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. கடைசி வாக்கியம் மட்டும் பொய். டாக்டர் மேல் எனக்கிருந்த இரக்கத்தில் நானாகச் செய்த வேலை. அவர் சொன்னது வேறு:

"நான்தான் சார் சொன்னேன். 'லைட் அணைஞ்சிருச்சு பாரு, கிளம்பு கிளம்பு, நேரம் போகுது'ன்னு. அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் சரிப்பான்னு போயிட்டா."

ஏன் அப்படிச் சொன்னார்? "பழக்கம் சார். ஒரு பேஷண்ட் முடிஞ்சா அடுத்தவங்களைக் கூப்பிட்டுப் பழகின வாய்." இதை நான் முழுக்க நம்பவில்லை. [பாத்திரம் சொல்வதை எழுத்தாளன் நம்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.] அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று என்றதும் அவர் விளக்கைத்தான் பார்த்திருப்பார். விளக்கு அணைந்தது அவருக்குத் தப்பிக்க வழியாகப் போய்விட்டது. பிறகு பஞ்சை மாற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்: "பயமாவும் இருந்துச்சு."

5

அந்தப் பார்வை அவரைச் சும்மா விடவில்லை. மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தார். போன் செய்து "என்னம்மா சொல்ல வந்தே?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. கை வந்தது. மகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த சமயத்தில், யாரிடமும் சொல்லாமல், அவள் காருக்கு ஒரு டிஃபரன்ஷியல் கூலர் வாங்கிவந்தார்.

சின்ன ரேடியேட்டர் ஒன்று, பம்ப் ஒன்று, இரண்டு ஹோஸ். பெட்டியின் அடியிலிருந்து சூடான எண்ணெயைப் பம்ப் இழுக்கும், ரேடியேட்டருக்குள் அனுப்பும், காற்றில் ஆறியதை மேல் துவாரம் வழியாகத் திரும்ப ஊற்றும். அவ்வளவுதான். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பழைய போர்வையை விரித்து அடியில் போனார்.

அவருடைய மனைவி ஷெட் வாசலில் நின்று பார்த்தார். "என்ன, காருக்கு ரூட் கேனலா?"

"வேடிக்கை பாக்காம அந்த டார்ச்சக் குடு."

டார்ச்சைக் கொடுத்தார். குனிந்து கேட்டார்: "இத அவ கேட்டாளா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?"

மனைவி உள்ளே போனார். [இந்த அம்மாவுக்குக் கதையில் இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானோ என்று எனக்கு ஒரு]

இல்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை என்று மகளே சொல்லியிருக்கிறாள். விடுகிறேன்.

அவர் வேலை செய்த அழகை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. பெட்டிக்கு மேலே எவ்வளவு இடுக்கு இருக்கிறது என்று அளக்க, பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து அப்பினார். அது இறுகியதும் பிய்த்தெடுத்து, அதன்படி தகட்டை வெட்டி வளைத்தார். கண்ணுக்கு எட்டாத மரையை வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் பார்த்தார். பின் பம்பரின் ஓரத்தில் காற்று போக வழி வெட்டும் முன் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தார். ஹோஸ் சைலன்சர் குழாயில் படாமல் ஒதுக்கிக் கட்டினார். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், பம்ப் திணறும் என்பதால், சூடானால் மட்டும் தானே ஓடும்படி ஒரு சுவிட்ச் வைத்தார்.

கடைசியில் எண்ணெய். பெட்டி நிறைய ஊற்றியதோடு நின்றுவிட்டால் ஆபத்து. பம்ப் ஓடியதும் புது ஹோஸும் ரேடியேட்டரும் தங்கள் பங்கைக் குடித்துவிடும், பெட்டியில் குறைந்துபோகும். அவருக்கு அது தெரியும். ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி துவாரத்தில் வழியும்வரை ஊற்றினார். அடியில் வெள்ளைத்தாள் விரித்துவிட்டுத் தூங்கப் போனார். காலையில் தாள் வெள்ளையாகவே இருந்தது.

கதை எழுதுபவனுக்கு இது பெரிய இடைஞ்சல். ஒரு ஹோஸாவது பிய்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு திருப்பம் கிடைத்திருக்கும். மனிதர் எதிலுமே தப்பு செய்யவில்லை.

6

"அப்பா! ஒரு தடவகூட எரியலப்பா!"

ஹெல்மெட்டைக் கழற்றிய வேகத்தில் அவரைக் கட்டிக்கொண்டாள். கொடுத்த நேரம் முழுக்க ஓட்டியிருந்தாள். இப்படி ஓட்டியதே இல்லை என்றாள். "நீங்க பல்லுக்கு வந்திருக்கவே கூடாதுப்பா" என்றாள். அவர் பூரித்துப் போனார். பிறகு திரும்பிப் பார்த்தபோதுதான், பழக்கத்தில் இரண்டு டம்ளரிலும் ஊற்றி வைத்த டீ சக்கரத்தின் மேல் ஆடை கட்டி இருந்ததைக் கவனித்தார். அவளுக்கு வேறெங்கோ போக வேண்டியிருந்தது. நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும். கார் அவர் எதிரே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒற்றைச் சக்கரத்தில் உட்கார்ந்து, அது ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கையை ஆட்டினார். அவ்வளவு வேகத்தில் அவளுக்கு அது தெரிந்திருக்காது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எதைச் சரிசெய்தோம் என்று.

பிறகு மகள் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போனாள். அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில், பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கும்போது, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். அன்று சொல்ல வந்தது இதுதானோ என்று அவர் மனதுக்குள் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. மாற்றல் பற்றிய பேச்சே போன வாரம்தான் வந்தது என்று அவளே சொன்னாள்.

7

இப்போது அவள் போனில் பேசுகிறாள். கார் ஷெட்டில் நிற்கிறது.

"பம்ப் ஓடுதாப்பா?"

"ஓடுதும்மா. அப்பப்ப ஓடவிட்டுப் பாக்கறேன்."

"லீக் எதுவும்?"

"சொட்டுகூட இல்ல."

"சூப்பர்ப்பா. அம்மாகிட்ட குடுங்க."

விடுமுறைக்கு வரப்போகிறாளாம். திடலில் ஒரு நாளைப் பதிவு செய்துவிட்டாளாம். டாக்டர் இதைச் சொல்லிக்கொண்டே என் பல்லுக்குள் மருந்தை வைத்து அமுக்கினார். பிறகு சொன்னார்:

"பம்புக்கு ஒரு ஃபியூஸ் இருக்கு சார். நகத்தளவு. அத உருவிட்டா பம்ப் ஓடாது. லைட் எரியும். அவளும் வந்து உக்காருவா." மருந்தை இன்னொரு தடவை அமுக்கினார். "உருவிடவா சார்?"

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். குழாயை எடுத்தார். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். முகத்துக்கு மேலிருந்த விளக்கைத் தள்ளிவிட்டு, மாஸ்க்கை இறக்கி, என்னைப் பார்த்தபடி இருந்தார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருந்தது அன்றுதான்.

பாதி வாய் மரத்திருந்தது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். மீதிப் பாதி நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னது: "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

"நல்லது, நல்லது" என்றார்.

8

யோசித்தவை கீழே.

அ. ஃபியூஸை உருவிவிடுகிறார். விளக்கு எரிகிறது. அவள் வருகிறாள். "என்னப்பா, பம்ப் போச்சா?" உட்காரவில்லை. நேராகக் காருக்கு அடியில் படுக்கிறாள். அவரும் படுக்கிறார். தனக்குத் தெரிந்த கோளாறை மகளோடு சேர்ந்து தேடுகிறார். "பரவாயில்லப்பா, நல்லாத்தான் பண்ணீங்க, பம்ப் மட்டமா இருந்திருக்கும்" என்று அவள் சமாதானம் சொல்கிறாள். விளக்கு அணைகிறது.

ஆ. நேரடியாகக் கேட்கிறார். "அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியேம்மா?" அவள், "என்னைக்குப்பா?" அவர் அந்த நாளை விவரிக்கிறார், கையுறை நூல் முதற்கொண்டு. "ஞாபகமே இல்லப்பா" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறாள். உண்மையிலேயே மறந்துவிட்டாளா, சொல்ல வேண்டிய காலம் போய்விட்டதா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹெல்மெட் மறைக்கிறது.

இ. விளக்கு எரியாமலே அவள் தானாக உள்ளே வருகிறாள். காரை அணைத்துவிட்டு வந்து சக்கரத்தில் உட்காருகிறாள். இதை மூன்று பக்கம் எழுதினேன், அழகாக வந்தது, கிழித்துவிட்டேன். அவள் ஏன் வர வேண்டும்? வரும்படி அவர் என்ன செய்திருக்கிறார்?

ஈ. அவள் கிளம்பும் முன், கார் குளிர்ந்து கிடக்கும்போதே, "கொஞ்சம் ஆறட்டும்மா" என்கிறார். "ஆறித்தானப்பா இருக்கு?" "இருக்கட்டும். உக்காரு."

இதைத்தான் டாக்டரிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பல்லுக்குத் தொப்பி போடப் போகிறேன். ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவரால் முடியுமா என்று தெரியாது. "உக்காரு" என்பது சின்னச் சொல்தான், ஆனால் சொன்ன பிறகு சும்மா இருக்க வேண்டுமே.

முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். மகள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவள் விட்ட இடத்தை அப்படியே கீழே வைக்கிறேன். முடிக்கத் தெரிந்தவர்கள் முடியுங்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒன்றே ஒன்று, அவள் முடிக்கும்வரை யாரும் அந்த விளக்கைப் பார்க்க வேண்டாம்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல