வேங்கையன் எந்தப் பதிப்பு?

எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கியவர் யாரும் கிடையாது. அதனால்தான் குணா என்ற அந்த இளைஞர் தாராபுரத்திலிருந்து பைக்கில் வந்து எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் நின்றுகொண்டு, "மேடையில நீங்க சொன்னது என்னாச்சுங்க?" என்று கேட்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

விஷயம் இதுதான். என் மருமகள் தரணி ஒரு விளையாட்டை உருவாக்கியிருக்கிறாள். அதற்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வீரம், புத்தி என்று எண்கள் எழுதிய தாளோடு ஆளுக்கொரு வீரனாக நடிக்க வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மலைக்கணவாய் வழியாக மாட்டு வண்டிகளைக் காவல் காத்துக் கொண்டுபோக வேண்டும். திருடன் மறித்தால் என்ன செய்வேன் என்று வீரன் சொல்லலாம். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இதற்கெல்லாம் விதிகள் எழுதி, 'கணவாய்க் காவல்' என்று புத்தகமாகப் போட்டாள். பனியன் துணியைத் தவிர வேறெதையும் அறியாத எங்கள் கூட்டத்தில் புத்தகம் போட்ட முதல் ஆள் அவள்தான். வெளியீட்டு விழாவில் நானே மைக்கைப் பிடித்து, "இதை வாங்குனவங்களுக்கு, பின்னால என்ன திருத்தம் வந்தாலும் சும்மாவே குடுப்போமுங்க. இது எங்க ஊட்டு வாக்கு" என்று சொன்னேன். நல்ல கைதட்டல்.

இப்போது தரணி விதிகளை மாற்றி எழுதி முடித்திருந்தாள். அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்று போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இரண்டாம் பதிப்பு என்றால் அது வேறு புத்தகம்; வேண்டியவர்கள் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியது. எனக்கு அதில் பெருமையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கணியூர் வரைக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

"அட்டையை மாத்திட்டாப் புதுசாயிருமுங்களா?" என்றார் முதல் புத்தகத்தை வாங்கி ஆடிவந்த குணா. "உள்ளார இருக்கறது திருத்தந்தானுங்க. திருத்தம்னா எங்களுக்குச் சும்மா தரோணும்."

தரணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, காயம் படறதையும் பசிக்கறதையும் ராப்பகலா உக்காந்து மாத்தி எழுதியிருக்கறேன். அது உங்களுக்கு எழுத்துப்பிழை திருத்துன மாதிரி தெரியுதுங்களா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா சோத்துல உப்புப் போட்டா அது வேற சோறுங்களா?"

"அப்ப இத்தனை நாளா உப்பில்லாமத்தான் தின்னீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். புதிய பதிப்பு என்று நான் சொன்னால், வாக்கைக் கொடுத்துவிட்டு அட்டையை மாற்றித் தப்பித்துக்கொண்டான் மணியன் என்று ஊர் பேசும். திருத்தம் என்று சொன்னால், எங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்பை நானே சிறிதாக்கியதாகும். உண்மையைச் சொல்வதானால், 'இரண்டாம் பதிப்பு' என்ற சொல்லை அட்டையில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். சாம்பிள் ஓகே ஆன பிறகு, சரக்கு வாங்கும் பையர் கழுத்தை இறக்கச் சொல்வார், கையைக் குறைக்கச் சொல்வார். இது அதே ஸ்டைலா, புது ஸ்டைலா என்று சண்டை வரும். நான் சண்டைக்குப் போவதில்லை. துணி வெட்டும் பழைய பேட்டர்னில் முன்பக்கத்தையும் புதுப் பேட்டர்னில் பின்பக்கத்தையும் வெட்டி, சேர்த்துத் தைத்துத் தொங்கவிடுவேன். நேராக விழுந்தால் அதே ஸ்டைல், திருத்தம் மட்டும். இழுத்துக்கொண்டு நின்றால் புது ஸ்டைல். டை கட்டிய பையர்களே ஒப்புக்கொண்ட வழி.

"ரெண்டையும் சேத்துத் தெச்சுப் பாத்தரலாம்" என்றேன். "தம்பி, உங்க பழைய வீரனை அப்படியே கொண்டாங்க. ஒரு நம்பரைக்கூட மாத்தப்படாது. நான் புது விதியில ஒரு வீரனோட உக்கார்றேன். ஒரே மேசையில நடக்குதான்னு பாக்கலாம்."

இருவரும் சம்மதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பிள் ரூமில் கட்டிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தரணி புதுப் புத்தகத்தை வைத்துக் கதையை நடத்தினாள். அவளோடு வாராவாரம் ஆடும் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர், தூத்துக்குடிக்காரர் அந்தோணிராஜ், என் வீரனைத் தயார் செய்து கொடுத்தார்.

"பேரு என்னய்யா போடட்டும்?"

"மணியக்காரர்."

"வீரம் எத்தன?"

"இருக்கறதை எல்லாம் அதுலயே போடு."

"அப்படிப் போட்டா புத்திக்கு ஒண்ணும் மிஞ்சாதேய்யா."

"புத்தியைத் திருடன் வெச்சுக்கட்டும்."

தரணி புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

குணாவின் வீரன் பெயர் வேங்கையன். அவன் கணக்குகள் எழுதிய தாளை அவர் லேமினேட் செய்தே வைத்திருந்தார். ஆட்டம் கிளம்பியது. ஓடையைத் தாண்டினோம், பாறை உருண்டதைத் தடுத்தோம். புது விதிப்படி வேங்கையனுக்குப் பசிக்கணக்கு வேண்டும் என்றாள் தரணி. பழைய தாளில் அதற்கு இடமில்லை. குணா பின்பக்கம் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"இழுக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. ஓரத்துல ஒரு பட்டி வெச்சுத் தெச்சதுதான்" என்றேன். தரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவாயில் திருடர்கள் சூழ்ந்தார்கள். வேங்கையனுக்கு மூன்றாவது காயம் விழுந்தது. குணா மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எங்க புத்தகத்துப்படி மூணாவது காயத்துல ஆள் செத்துட்டானுங்க."

"புதுசுப்படி கிடக்கறான்" என்றாள் தரணி. "கூட இருக்கறவங்க ஆயுதத்தைக் கீழ போட்டுட்டுத் தூக்கிட்டுப் போனாப் பொழைப்பான். இல்லீன்னா போயிருவான்."

அடுத்து என் முறை.

"திருடன் பக்கத்துலதான் நிக்கான்யா" என்றார் அந்தோணிராஜ். "ஆயுதத்தப் போட்டா நீங்களும் அடி வாங்குவிய."

வேங்கையனை அப்படியே விட்டுவிட்டு நான் சண்டையைத் தொடரலாம், விதியில் தடையில்லை. பழைய துண்டு பாதியில் கிழிந்தது, ஒட்டவில்லை என்று தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடலாம். அட்டையில் இரண்டாம் பதிப்பு என்று வந்துவிடும். தரணி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் கேட்கவில்லை. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

கூட வந்தவனைத் தடத்தில் கிடத்திவிட்டு வந்து எந்த அட்டையைப் பார்த்து நான் பெருமைப்படுவது?

"ஆயுதத்தைப் போட்டுட்டேன். வேங்கையனைத் தோள்ல தூக்கறேன்" என்றேன்.

பகடையை உருட்டினேன். தூக்கிவிட்டேன்.

"திருடன் வெட்டறானுங்க. மணியக்காரருக்கு முதுகுல ஒரு காயமுங்க மாமா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "முதுகுலயா? நெஞ்சுல போடு கண்ணு. எங்க குடும்பத்துல முதுகுல காயம் பட்டவன் கிடையாது."

"திரும்பி நடந்தா வேற எங்கீங்க விழுகும்?"

"அப்பத் திரும்ப மாட்டேன். திருடனைப் பாத்துட்டே பின்னுக்கு நடக்கறேன்."

அந்தோணிராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் குணாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை; பின்னுக்கே நடந்து வேங்கையனைப் பாறை மறைவில் கிடத்தினேன். அவன் எழுந்தான். பழைய தாளில் இருந்த அதே பலத்தோடு போய்த் திருடர் தலைவனைச் சாய்த்தான். வண்டிகள் கணவாயைத் தாண்டின.

எங்கள் இரண்டு வீரர்களின் தாள்களையும் அருகருகே வைத்தேன். வேங்கையனின் எண் ஒன்றும் மாறவில்லை. "சாமி, தையல் நேரா விழுந்திருக்குது" என்றேன் தரணியிடம்.

"பாத்தேனுங்க மாமா. திருத்தந்தான்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஜெயித்த குணா தலையைச் சொறிந்தார். "மூணாவது காயத்துல எந்திரிக்க முடியும்னு தெரியாம எங்க ஊர்ல எத்தனை பேரைப் பொதைச்சுட்டோமுங்க! இதைச் சும்மா வாங்கிட்டுப் போனா நல்லா இருக்காதுங்க. விலை போட்டே குடுங்க."

"அதெல்லாம் முடியாது" என்றேன். "சும்மா வாங்கித்தான் ஆகோணும். குடுத்த வாக்கு."

"அட, நல்லாருக்குதுங்க நாயம்! குடுக்க மாட்டீங்கன்னு சண்டைக்கு வந்தா, வாங்க மாட்டேங்கறதுக்கும் சண்டைங்களா?"

தரணி இப்போது சிரித்துவிட்டாள். பேனாவை எடுத்து மாதிரி அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்பதை அடித்து, 'திருத்திய முதல் பதிப்பு' என்று எழுதினாள். அப்புறம் புத்தகத்தைப் புரட்டி எதையோ தேடினாள்.

"மாமா, பின்னுக்கு நடக்கறதுக்கு இதுல விதியே இல்லீங்க. எழுதிச் சேக்கோணும்."

"சேத்துக்க கண்ணு" என்றேன். "ஆனா அதுவும் தம்பிக்குச் சும்மாதான்."