ஃபிரெடியின் வலது கண்

பைனாகுலரைக் கையில் எடுத்தால் ஜோசலின் வலது கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறவள் எதற்கு ஒற்றைக் கண்ணால் பறவை பார்க்க வேண்டும்? எல்லாம் அவள் புருஷன் ஃபிரெடி செய்த வேலை.

ஃபிரெடிக்கு வலது கண்ணில் பார்வை மட்டு. மூக்குக் கண்ணாடி போடச் சொன்னால் வீம்பு. பைனாகுலரில் வலது கண் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன வளையம் உண்டு. அதைத் தன் கண்ணுக்குத் தோதாகத் திருப்பி வைத்துக்கொண்டு, உலகத்தையே சரிசெய்துவிட்டவன் மாதிரி நிற்பான். அந்த வைப்பில் மற்றவர்களுக்கு வலது பக்கம் ஒரே மங்கல். ஜோசலின் கொஞ்சம் திருப்பிவிட்டால் போச்சு, "யாரு கை வெச்சது?" என்று ஆரம்பித்துவிடுவான். நன்மங்கலம் காட்டில் ஒருநாள் கொம்பன் ஆந்தை ஒன்று இவர்கள் சண்டையைக் கேட்கச் சகிக்காமல் பறந்தே போய்விட்டது. அன்றைக்குத்தான் ஒப்பந்தம் ஆனது. வளையத்தை யாரும் தொடக் கூடாது. அவள் பார்க்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்ள வேண்டியது.

பீர்க்கன்கரணையில் வீடு, மறைமலை நகரில் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஸ்கூட்டர் கிளம்பிவிடும். வண்டலூர் காப்புக்காடு, முட்டுக்காட்டு உப்பங்கழி, கடைசியில் கோவளத்துச் சவுக்குத் தோப்பும் கடலும். பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டுக்கு ஆலா, உள்ளான் என்று கரையோரப் பறவைகள்தான் சொந்தபந்தம்.

போன ஜூலையில் ஃபிரெடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் எழுந்திருக்கவில்லை.

சட்டைகளைக் கோவிலில் கொடுத்தாள். ஸ்கூட்டரை மைத்துனன் எடுத்துப் போனான். பைனாகுலரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அவன் உடம்பில் மிச்சம் இருப்பது அந்த வளையம் நிற்கிற இடம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி மறுபடியும் தனியாகக் கோவளம் வந்தாள். கரையில் செத்த ஆமை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தாண்டி, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் மேல் உட்கார்ந்தாள். கீழே கனகவல்லி மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு நின்றிருந்தாள். வாராவாரம் இவர்களுக்கு மீன் கொடுத்தவள். போன மாதமும் "இன்னாக்கா, சார் வர்ல?" என்று அவள் கேட்டபோது, ஜோசலின் "டூட்டிம்மா" என்று சொல்லிவிட்டிருந்தாள். இந்த ஒரு கரையிலாவது அவன் டூட்டிக்குப் போனவனாக இருக்கட்டும் என்று ஆசை.

இன்று கனகவல்லி சாரைக் கேட்கவில்லை. கல்லில் தட்டுத்தடுமாறி மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு போட்டு இன்னும் வர்லக்கா. நேத்து மத்தியானம் போனது. மத்தவன்லாம் விடியவே வந்துட்டான். போன் போட்டா எடுக்க மாட்றாரு. தோ, அங்க புள்ளி மாதிரி ஒண்ணு கீது பாரு."

ஜோசலின் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "பச்சைப் படகு. யாரோ துடுப்பு போடுறாங்க."

"பச்சைல நாலு போட்டு கீதுக்கா. ஆளப் பாத்தாதான் எனுக்குத் தெரியும். குடு."

கொடுத்தாள். "வலது கண்ணை மூடிக்கோ" என்றாள். கனகவல்லிக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை. மூடினால் இரண்டும் மூடிக்கொண்டது. "மசமசன்னு கீதே, ஐயோ" என்று அழுதபடி கைக்கு அகப்பட்டதையெல்லாம் திருகத் தொடங்கினாள். விரல் வளையத்துக்குப் போனது.

ஜோசலின் பிடுங்கக் கை நீட்டினாள். அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் வெளியே வருகிற கதவைப் பார்த்துக்கொண்டு தான் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம். நீட்டிய கை தானாக மடங்கியது. பைனாகுலரின் வலது பக்கத்தை உள்ளங்கையால் மறைத்திருந்தாலே போதும். அது ஜோசலினுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

வளையம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது.

"அவருதான்! தலைல செவப்புத் துண்டு! இன்ஜின் மக்கர் பண்ணிகீது, வலிச்சிகினு வராரு!" கனகவல்லி பைனாகுலரை அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். பாதியில் திரும்பி, "சாராண்ட சொல்லுக்கா! அடுத்த வாரம் இட்டுகினு வா, வஞ்சிரம் எடுத்து வெக்கிறேன்!" என்று கத்தினாள்.

ஜோசலின் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

பிறகு வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். எங்கே நின்றிருந்தது? அது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த இடம். வெகுநேரம் கழித்துக் கை ஓய்ந்தபோது பைனாகுலரை எடுத்து, இரண்டு கண்ணாலும் பார்த்தாள். படகு கரை தட்டியிருந்தது. கனகவல்லி புருஷனின் மார்பில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தாள், அவன் வாங்கிக்கொண்டு நின்றான். அவன் துண்டின் சிவப்பு, அவள் கையில் உடைந்த வளையல், வலது கண்ணிலும் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஜோசலினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இனி அந்த வளையத்தை யார் எப்படித் திருப்பினாலும், யாரு கை வெச்சது என்று சண்டைக்கு வர ஆள் இல்லை.