லோயிஸுக்குப் பக்கத்து இடம்

லோயிஸின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் உண்டு. அவளை அடக்கம் செய்த அன்றே சபையாரிடம் கேட்டு வாங்கிவைத்தேன். கல்யாணமான நாள் முதல் என் குறட்டையைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் படுத்திருந்தவள். இனிமேலும் திட்டட்டும் என்றுதான்.

திருப்பதி இந்தப் பக்கம் வளர்ந்ததும் எங்கள் காலனிக்குப் பாதாள சாக்கடை வந்தது. வாசலில் நாற்றம் ஒழிந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி வெட்டிய கழிவுநீர்க் குட்டைக்குத்தான் போயிற்று.

மாசி மாதம் எங்கள் சபைத் தபிதா அக்கா இறந்தபோது, குழியில் இடுப்பளவு தோண்டியதும் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே குழி வெட்டக் குட்டையே கிளம்பியது. பெட்டியை வடமாலபேட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனோம். இனி எல்லாரும் அங்கேதான் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார்.

"என் எடத்த மட்டும் வுட்டு வைங்க பாஸ்டர். வெயில் காலத்துல தண்ணி எறங்கிடும்" என்றேன்.

"காஞ்சா பாக்கலாம், கிருபானந்தம் அய்யா" என்றார். பெரிய மனசு.

மே மாதம் காலனி போர்வெல்களெல்லாம் வற்றிக் காற்றை இழுத்தன. நம் நேரம் வந்தது என்று, குழி வெட்டும் துலுக்காணத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் என் இடத்தில் கடப்பாரை போட்டான். முழங்கால் ஆழத்திலேயே ஊறியது. மேலே லேசாகச் சோப்பு நுரை.

அன்று காலை நானும் தலைக்குக் குளித்திருந்தேன்.

"மூடிடட்டா அய்யா?" என்றான். மூடச் சொன்னேன்.

ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் மகன் ஜெர்ரிக்குப் போன் செய்தேன்.

"வடமாலபேட்டை நல்ல எடந்தான் நைனா. காத்தோட்டமா கீது."

"செத்தவனுக்கு எதுக்குடா காத்து?"

"வேணும்னா அம்மாவயும் அங்க மாத்திடலாம்."

"தூங்கிக்கினு கீறவள எழுப்பாத" என்று வைத்துவிட்டேன். பிறகு அழுதேன். இந்த வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் முதல் கொல்லையில் வாழையடியில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்கே. கக்கூஸுக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. அதற்கு மட்டும் தினமும் லோயிஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ரூபா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் ரிப்பேரா அய்யா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? லோயிஸிடம் போய்ச் சேர எனக்குத்தான் வழியில்லை. நான் குளித்த அழுக்காவது எனக்கு முன்னால் அவளிடம் போகாமல் இருக்கட்டும்.