கோட்டை வாசலில் பேரம்

டயானாவுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அடுத்த ஞாயிறு விழுப்புரத்து மாதா கோயிலில் அவளுடைய கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிக்கப்போகிறார்கள். ஓலை வாசித்துவிட்டால் கல்யாணப் பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அவள் அப்பா இருதயநாதன் போட்ட சட்டம். படத்தில் அவள் வருகிற பகுதியை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். நாலு மணி பஸ்ஸில் அவள் கிளம்பியாக வேண்டும்.

படம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திண்டிவனத்தில் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இருந்த நாலு பேர் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். லூர்து பிரகாஷின் மாமா மகன் பெங்களூரிலிருந்து அதன் விதிகளை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தான். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். பூதத்தை வெட்டினாயா, பூதம் உன்னை வெட்டியதா என்பதைத் தாயக்கட்டைகள் சொல்லும். கதை சொல்பவன் பிரகாஷ். ஜோஸ்வின் மந்திரவாதி. சேரன் கோடாலி வைத்த குள்ளன். டயானா வாள்காரி, பெயர் காரி. இப்படி விளையாடிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பைத்தியங்களைப் பற்றி ஒரு சிரிப்புப் படம் எடுக்கலாம் என்றவளும் டயானாதான்.

நான் ரெண்டாம் வருஷத்திலேயே கல்லூரியை விட்டவன். மில்லில் ராத்திரி ஷிப்ட். கல்யாண வீடியோ எடுக்கிற என் சித்தப்பாவின் கேமரா கிடைக்கும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் வசனம் எழுதி எடுத்துப் பார்த்தோம். எல்லாரும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நிற்பதுபோல் நின்றார்கள். "வசனம் வேணாம். நெஜமாவே ஆடலாம், இவன் புடிக்கட்டும்," என்றாள் டயானா. நிஜ ஆட்டம், நிஜ தாயம். எது விழுகிறதோ அதுதான் கதை.

ஜோஸ்வின் அப்பாவின் வேர்க்கடலை மண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. மல்லாட்டை மூட்டைகளை அடுக்கிக் கோட்டைச் சுவர் கட்டினோம். டயானா விழுப்புரத்தில் பூசை முடிந்து நேராக பஸ் ஏறி வந்தாள். அசைன்மெண்ட் எழுத வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். தாவணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அட்டையில் செய்த வாளைத் தோளில் சாய்த்து உட்கார்ந்தாள். நான் கேமராவை ஓடவிட்டேன்.

முதல் சண்டையிலேயே முடிந்துவிட்டது. பாலத்துக்கு அடியில் ஒரு பன்றிப் பூதம். காரி முன்னால் பாய்ந்தாள். டயானா இரண்டு கட்டைகளையும் உருட்டினாள். இரண்டிலும் ஒன்று. இரண்டிலும் ஒன்று விழுந்தால் சாவு.

பிரகாஷ் சட்டென்று கட்டைகளைக் கையால் மூடினான்.

"யாரும் பாக்கல. திரும்ப உருட்டு."

"கேமரா பாத்துச்சு."

"அழிச்சிடறேன்," என்றேன்.

"டேய், விழுந்தது விழுந்ததுதான். இத்தினி நாளா உங்களுக்குச் சொல்லிக்கினு வந்தது யாரு?"

அவள்தான். தோற்றவுடன் மறுபடி உருட்டுகிறேன் என்று கெஞ்சுகிறவர்களை மூன்று வருஷமாக அவள்தான் மிரட்டி வைத்திருந்தாள்.

"உனக்கு இன்னிக்கு மட்டும்தானே டயானா," என்றான் சேரன். "பேஜாரு பண்ணாத. உருட்டு."

அவள் வாளைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்ல மாதா படத்துக்கு முன்னாடி சீட்டு போட்டாங்க. எம்.ஏ.வா, கல்யாணமான்னு. எம்.ஏ. வந்துச்சு. சரியா குலுக்கலன்னு அப்பா மறுபடியும் போட்டாரு. மறுபடியும் எம்.ஏ. அடுத்த வாட்டி கல்யாணம் வந்துச்சு. மாதா சொல்லிட்டாங்கன்னு எழுந்து போயிட்டாரு. நீங்களும் அப்டி உருட்டாதீங்க."

பிரகாஷ் கட்டைகளின் மேலிருந்து கையை எடுத்தான்.

"மாதாவுக்கே அலுத்துப் போயிருக்கும்," என்றான் ஜோஸ்வின்.

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, ஆட்டத்தை விட்டு கேமராவுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

வழி இல்லாமல் இல்லை. செத்தவர் வேறு வேஷத்தில் திரும்ப வரலாம். ஆனால் மற்றவர்கள் அடுத்த ஊருக்குள் நுழைந்த பிறகுதான். அதுவரை செத்தவர் வாய் திறக்கக்கூடாது. அதுவும் அவள் போட்ட விதி. செத்தவன் உடனே எழுந்து வந்தால் சாவுக்கு என்ன மரியாதை என்பாள்.

"பாலத்தைத் தாண்டினா கோட்டை," என்றான் பிரகாஷ். "உள்ள போனதும் நீ வர்ற. ஜல்தியா முடிச்சிடறேன்."

பன்றிப் பூதத்தைச் சேரன் ஒரே உருட்டில் வெட்டினான். கோட்டை வாசல் வந்தது. பிரகாஷ் பேசாமல் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் கோட்டை என்றால் வாசலில் ஒரு காவல்காரன் இருக்க வேண்டும், காவல்காரன் என்றால் வரி கேட்க வேண்டும். பிரகாஷ் காவல்காரனாகி மூக்கால் பேசத் தொடங்கினான்.

"ஆளுக்கு ஒரு காசு. கோடாலிக்கு லக்கேஜ் தனி."

"மல்லாட்டை மூட்டைக்கே பஸ்ஸுல லக்கேஜ் போடறது இல்லீங்க," என்றான் ஜோஸ்வின். "அப்புறம் இவன் குள்ளன். அரை டிக்கெட்தான்."

"நான் குள்ளன்டா. கொழந்த இல்ல," என்றான் சேரன். "எனக்கு முழு டிக்கெட்டே குடுங்க சார்."

"வயசுக்கு அத்தாட்சி?"

"தாடி இருக்கே சார்."

"தாடியில கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கியாந்தியா?"

எனக்குக் கேமரா ஆடியது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். மூட்டைகளின் மறைவில் டயானா புது வேஷத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த தாவணி முந்தானையை உருவித் தலைப்பாகை கட்டினாள். கண்மை டப்பாவை எடுத்து, கைக்கண்ணாடியில் பார்த்தபடி மீசை வரைந்தாள். முறுக்கு மீசை. ஒரு பக்கம் ஏறிவிட்டது என்று மறுபக்கத்தையும் ஏற்றினாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர்களிடம் காசு இல்லாமல் இல்லை. ஜோஸ்வினின் மந்திரவாதி ஒரு பூதத்தின் புதையலையே முதுகில் சுமந்துகொண்டிருந்தான். சும்மா கொடுத்துவிட்டுப் போவதா என்பதுதான் அவனுக்கு. பேசி மடக்க ஒரு உருட்டு உருட்டினான், தோற்றான். சேரன் அழுது பார்த்தான், அதிலும் தோற்றான். மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், வந்த பிறகு மனு கொடு என்றான் காவல்காரன். மனு எந்தப் பாஷையில் எழுத வேண்டும் என்று அடுத்த வாக்குவாதம். மூன்று வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நன்றாக விளையாடி நான் பார்த்ததில்லை.

டயானா என் கைக்கடிகாரத்தைத் தட்டினாள். நான் பிரகாஷுக்குக் கையைக் காட்டினேன். அவன் பார்த்தான், தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து ஜோஸ்வின், "சார், எங்க ஒண்ணுவிட்ட பெரியப்பா இந்தக் கோட்டையிலதான் பியூனா இருந்தாரு," என்றான். பிரகாஷ் திரும்பிக்கொண்டான். டயானாவும் மீசையோடு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதனால்தான் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று நான் நினைத்துவிட்டேன்.

கடைசியில் காவல்காரன் வேறு ஷிப்ட் ஆள் வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டான். புது ஆள் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தான். மூன்று பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"டயானா, வா, வா, ஊருக்குள்ள வந்துட்டோம்," என்றான் பிரகாஷ்.

அவள் அங்கே இல்லை. மண்டிக்குப் பின்னால் குழாயடியில் மீசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மை எளிதில் போகவில்லை. மூக்குக்குக் கீழே கறுப்பாக இழுவி நின்றது.

"இன்னும் பத்து நிமிஷம் இரு. தலைய மட்டும் காட்டிட்டுப் போ," என்றேன்.

"இந்த பஸ்ஸ வுட்டா அப்பா வீட்டு வாசல்லயே நிப்பாரு."

"யாரு அது, மீசக்காரன்?"

"உள்ள வந்து சொல்லலாம்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தாவணியால் முகத்தைத் துடைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேரன் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். வழியில் அவள் கெஜட்டட் ஆபீசர் தாடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். திரும்பி வந்து அதை அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

அதற்கப்புறம் எடுத்ததில் எதுவும் தேறவில்லை. இருந்ததை ஜோஸ்வின் வெட்டி ஒட்டினான். கல்லூரி செமினார் ஹாலில் போட்டுக் காட்டினோம். காரி செத்தபோது, வந்தவுடனே செத்துப்போன ஹீரோயினைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்கள். வாசல் காட்சிக்கு ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு புரொபசர் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். டயானா வரவில்லை. கல்யாணம் முடிந்து மேல்மலையனூர்ப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

வெளியே வந்து டீ குடித்தோம்.

"அந்தக் கதவ நான் சும்மா தொறந்து வுட்டிருக்கலாம்," என்றான் பிரகாஷ்.

"தொறந்திருந்தா இந்த சீன் ஏதுடா?" என்றான் ஜோஸ்வின்.

இரண்டும் சரிதான். பிரகாஷ் அதற்குப் பிறகு கதை சொல்லவில்லை. கேட்டால் நேரமில்லை என்றான். அவனுக்கு நேரம் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

டயானாவுக்கு ஒரு சிடி கொடுத்தனுப்பினேன். பார்த்துவிட்டுப் போன் செய்தாள். வாசல் காட்சிதான் படம் என்றாள். வீட்டுக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தாராம். படத்தில் இவள் எங்கே என்று கேட்டாராம்.

"இன்னா சொன்ன?"

"மொதல்லயே செத்துட்டேன்னு சொன்னேன்."

மீசைக்காரன் யார் என்று மறுபடி கேட்க வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. வைக்கிறேன்ப்பா என்றாள்.