ஐஸ் பெட்டியில் வந்த சத்து ஊசி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடிப் பழகி, இந்திய அணி வரை போனவள் வேல்விழி. 2009 கடைசியில் அவளை ஊக்கமருந்து விசாரணைக்கு அழைத்தார்கள். எந்தச் சோதனையிலும் மருந்து அகப்படவில்லை. ஆனால் பல மாதங்களாக எடுத்த ரத்தத்தை ஒப்பிட்ட மருத்துவர்கள், பெரிய போட்டிகளுக்கு முன்பெல்லாம் அதில் சிவப்பணுக்கள் இயற்கைக்கு மாறாகக் கூடியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் கொளஞ்சிநாதன் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட ‘சத்து ஊசி’ என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே ஜங்ஷனுக்குப் போனாள். அவர் வேறு நான்கு ஓட்டக்காரிகளோடு சென்னை ரயிலுக்குக் காத்திருந்தார்.

“எனக்கு என்ன சார் ஊசி போட்டீங்க?”

“கத்தாத. மருந்துதான் புடிபடலியே! மலைமேல போயி பயிற்சி எடுத்தேன், அதுல ரத்தம் ஏறிடுச்சுன்னு சொல்லு. எம்பேர எடுக்காத.”

“மலையா? நம்ம ஊருல மலை சாமி பேருலதான் சார் இருக்குது!”

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவர் காலடியில் இருந்த ஐஸ் பெட்டியை அவள் வெடுக்கென்று எடுத்துத் திறந்தாள். உள்ளே வரிசையாக மருந்துக் குப்பிகள்.

“சத்துன்னு சொல்லித்தான் எனக்கும் போட்டாரு. வூட்டுக்குப் போங்கடி!”

பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பெட்டியைப் பிடுங்க வந்தவரை அவள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள்.

அந்தப் பெட்டியோடுதான் விசாரணைக்குப் போனாள். தெரியாமல் போட்டுக்கொண்டாலும் குற்றமே என்று அவளுக்கு இரண்டு வருடத் தடை, அவருக்கு ஆயுள் தடை.

அவள் ஆத்திரம் அடங்கவில்லை. “எவ்வளவு ஓடுனது நானு, எவ்வளவு ஓடுனது மருந்துன்னு எனக்கே தெரியல. அத யாரு சொல்லுவாங்க?” என்கிறாள்.