அரை டிக்கெட்டுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

செண்பகவல்லி பஸ்ஸின் முன்கண்ணாடியில், அம்மன் படத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அறுபது வயது நிறைந்தவர்களுக்கு அரை டிக்கெட். புகைப்பட அட்டை அவசியம். படமும் முகமும் ஒத்துப்போக வேண்டும். இப்படிக்கு, நிர்வாகம்.

நிர்வாகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிவசங்கர்தான் நிர்வாகம். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் இந்த ஒரு பஸ்தான் அவருடைய போக்குவரத்துத் துறை.

அரங்கநாதன் அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். மண்டகப்பட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலம். அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். தினமும் காலையில் இதே பஸ்ஸில் போய் களைக்காரர்களிடம் கத்திவிட்டு, மாலையில் இதே பஸ்ஸில் திரும்புவார். பல வருஷப் பழக்கம். சலுகைக்கு இவரை விட்டால் வேறு ஆள் ஏது? நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் நிம்மதியாக இருந்தது அவ்வளவு நேரம்தான்.

"மண்டகப்பட்டு ஒண்ணு. அரை டிக்கெட்டு."

கண்டக்டர் எழிலரசன் அவருடைய சீட்டைச் சுற்றிப் பார்த்தான். "கொழந்தை எங்கண்ணா?"

"நான்தான்டா."

"உங்களுக்கு அறுபது ஆயிடுச்சா?"

"அறுபத்தேழு."

"ப்ரூஃப்?"

அரங்கநாதன் சட்டைப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தார். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை அட்டை. எழிலரசன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது யாருண்ணா, உங்க பையனா?"

"நான்தான்டா! எலக்சனுக்குப் புடிச்ச போட்டோ."

"வயசு முப்பத்தாறுன்னு போட்டிருக்குது."

"அது தொண்ணூத்தஞ்சுல. கூட்டிப் பாரு."

"கூட்டறதெல்லாம் என் வேலை இல்லண்ணா. அட்டையில இன்னா இருக்குதோ அதான். ஆதார் இல்லியா?"

ஆதார் இருந்தது. போன புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. இப்போது அதில் மீசை மட்டும் தெளிவாகத் தெரியும். மீதி முகத்தையும் பாதி நம்பரையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இதை அரங்கநாதன் விளக்கினார். விளக்கும்போது குரல் உயர்ந்தது. குரல் உயர்ந்தால் அவருக்குப் பழைய கதையெல்லாம் வரும்.

"உங்க அப்பன் பச்சமுத்து இதே பஸ்ஸுல கண்டக்டரா இருந்தப்போலருந்து ஏறிட்டிருக்கேன்டா. உன் காதுகுத்துக்கு வந்து மொய் வெச்சவன் நான். என்னைப் பாத்து ப்ரூஃப் கேக்கறியா?"

"காதுகுத்துல நான் அழுதுட்டிருந்தேண்ணா. யாரு வந்தாங்கன்னு பாக்கல."

பஸ் சிரித்தது. முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த வள்ளியம்மாள் திரும்பிப் பார்த்து, "தலையப் பாத்தா நாப்பதுன்னுகூட சொல்லலாம்" என்று தன் பங்குக்குச் சொன்னாள். அரங்கநாதனின் தலை காக்காய் மாதிரி கறுப்பு. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் மை பூசுவார். அந்த நேரத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எழிலரசன் விடவில்லை. "அண்ணா, போன பொங்கல் கூட்டத்துல காலேஜ் பையன் ஒருத்தன்கிட்ட, பெரியவருக்கு எடம் குடுப்பான்னு நான் சொன்னேன். ஞாபகம் இருக்குதா? நீங்க எகிறுனீங்க. யாருடா பெரியவரு, எனக்கு அம்பதுதான்டா ஆவுதுன்னு இதே பஸ்ஸுல, இதே கம்பியைப் புடிச்சிட்டு சொன்னீங்க."

அரங்கநாதனுக்கு ஞாபகம் இருந்தது.

"அப்ப சொன்னது டூப்பா, இப்ப சொல்றது டூப்பா? நீங்களே சொல்லுங்க."

அவர் முழு டிக்கெட் வாங்கினார். மண்டகப்பட்டு வரும்வரை காது மடல் சிவந்தே இருந்தது.

டிக்கெட் போனால் போகட்டும். டூப்பு என்ற அந்த வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. செஞ்சி நெல் மண்டியில் அரங்கநாதன் இத்தனை மூட்டை என்று சொன்னால் மறு பேச்சு கிடையாது. அப்படிப்பட்ட வாயை, நேற்று மீசை முளைத்த ஒருத்தன், பூக்கூடைகளுக்கும் டிபன் கேரியர்களுக்கும் முன்னால் டூப்பு என்றுவிட்டான். அந்த வார்த்தையை அவன் அதே பஸ்ஸில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அரை டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அரசு பஸ்ஸில் போகிற பேச்சே இல்லை.

மறுநாள் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். புது ஆதார் எடுக்க வேண்டுமென்றால் போனுக்கு ஓடிபி வரும் என்றார்கள். வந்தது. அவர் எப்போதோ தொலைத்த சிம்முக்கு வந்தது. நம்பரை மாற்ற வேண்டுமென்றால் கைரேகை வைக்க வேண்டும் என்று வேறொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். மண்வெட்டிக்காம்பு தேய்த்த விரல்களில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. "கை நல்லா கழுவிட்டு வந்து வைங்க சார்" என்றாள் மிஷினுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். கழுவிவிட்டு வைத்தார். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"நான் இருக்கேனா இல்லியா? அதையாவது உன் மிஷின் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டில் மனைவி மனோரமா கேட்டுவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். "ரெண்டு மாசம் மை வெக்காம இருங்க. தலையே ப்ரூஃப் சொல்லும்."

"எந்த ஊருடி இது? வாய் சொன்னா நம்ப மாட்டான், மயிரு சொன்னா நம்புவானா?"

"கத்தாதீங்க. பிரஷர் ஏறும். அதுக்கும் வயசு கேப்பாங்க."

வியாழக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அவர் போனபோது, எழிலரசன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். எதிரே ஒரு ஃபிளெக்ஸ் பேனர். கண்ணீர் அஞ்சலி. அரிசி மில் வைத்திருந்த யாரோ ஒருவர் வெள்ளைச் சட்டையில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, சிரித்துக்கொண்டிருந்தார். எழிலரசன் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டு டிரைவரிடம் சொன்னான்: "எழுவத்தொண்ணாம். நல்ல வயசுதான்."

அரங்கநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். எழுபத்தொன்று என்று யார் சொன்னது? அட்டை பார்த்தானா? படமும் முகமும் ஒத்துப்போகிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானா? குத்துவிளக்கு எரிந்தால் போதும், நம்பிவிடுகிறான். உயிரோடு இருப்பவனைத்தான் சந்தேகப்படுகிறான். செத்தவனிடம் ஆதார் கேட்ட கண்டக்டர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

அவர் அன்றைக்கு மண்டகப்பட்டு போகவில்லை. நேராக விக்ரமனின் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்.

"எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கணும்."

"யாருக்குண்ணா?"

"எனக்குன்னு சொன்னேனே."

விக்ரமன் அவரை ஏறிட்டுப் பார்த்தான். மஞ்சள் நீராட்டு விழா பேனரில் பெண்ணின் பக்கத்தில் புலியை நிற்க வைத்துக் கொடுத்தவன் அவன். ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டுவிட்டான். "போட்டோ இருக்குதா?"

இருந்தது. கொரோனா சமயத்தில் மை கிடைக்காமல் தலை முழுக்க வெளுத்துப் போயிருந்தபோது, விழுப்புரத்தில் இருக்கும் மகள் கவிதா போனில் எடுத்தது. அந்தப் படத்தை அவர் யாருக்கும் காட்டியதில்லை. இப்போது கோபம் காட்ட வைத்தது.

"தோற்றம், ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பத்தெட்டு. வயசு அறுபத்தேழு, கொட்டை எழுத்துல."

"மறைவு?"

"அதைக் காலியா விடு."

"காலியா விட்டா டிசைன் அசிங்கமா இருக்கும்ணா. ஒரு பக்கம் இறங்கிடும்."

அரங்கநாதன் யோசித்தார். "விரைவில்னு போடு."

விக்ரமன் போட்டான். குத்துவிளக்கு, பறக்கும் புறா, ஒரு சொட்டுக் கண்ணீர் எல்லாம் இலவசம். இருட்டுவதற்குள் பஸ் ஸ்டாண்டில் அரிசி மில்காரருக்குப் பக்கத்தில் அரங்கநாதன் தொங்கினார்.

செஞ்சியில் பேனரை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பெரிய படம் யார் என்று பார்ப்பார்கள். அடியில் வரிசையாக இருக்கும் சின்னப் படங்களில் தங்கள் முகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் மனோரமாவின் போன் சூடாகிவிட்டது.

"இருக்காரு. தோசை சாப்டறாரு... ஆமாங்க, மூணாவது... இல்ல, சட்னி காரம்னு திட்டறாரு, நல்லாத்தான் இருக்காரு." போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கவிதா ரோட்டுல நின்னு அழுவுறா. இன்னா மனுஷன் நீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி நீங்க சாவலாம்?"

"செத்தேன்னு எங்க போட்டிருக்குது? படிச்சவன் எவனாவது சொல்லட்டும்."

"நாளைக்குக் காலையில அதை அவுத்துட்டு வரலைன்னா, அதுல இருக்கறத நானே நெஜமாக்கிடுவேன்."

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊரில் ஒருவர் போனால் அவர் பற்று வைத்த கடை, சீட்டுப் போட்ட சங்கம், ஏறிய பஸ் எல்லாம் தனித்தனியே அஞ்சலி வைக்கும். துக்கமும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு. முதலில் வைப்பவருக்கு நல்ல கம்பம் கிடைக்கும். கம்பம் போய்விடுமோ என்ற பதைப்பில் சிவசங்கர் ராத்திரியே விக்ரமனுக்குப் போன் செய்து ஆர்டர் கொடுத்துவிட்டார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை விக்ரமன் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அரங்கநாதன் பேனரை அவிழ்க்கத்தான் போனார். வேண்டுமென்றே தலைக்குப் புது மை பூசிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் இவருடையதைவிடப் பெரிதாக, பக்கத்திலேயே இன்னொன்று. அதே வெளுத்த தலை. படித்தார். கீழ்வரி வரை படித்தார். பேனரை அவிழ்க்காமல் நேராக பஸ்ஸில் ஏறினார்.

எழிலரசன் கையில் ரோஜா மாலையோடு படிக்கட்டில் நின்றிருந்தான். அவரைப் பார்த்ததும் மாலையைப் பின்னால் மறைத்தான். வள்ளியம்மாள், "மாரியாத்தா!" என்றாள்.

"மண்டகப்பட்டு ஒண்ணு" என்றார் அரங்கநாதன். "அரை."

"அண்ணா... நீங்க..."

"அந்தப் பெரிய பேனரைப் படி. சத்தமா படி. பஸ்ஸுக்கே கேக்கணும்."

எழிலரசன் ஜன்னல் வழியாகப் பார்த்துப் படித்தான். "எங்கள் மூத்த பயணி... தெய்வத்திரு அரங்கநாதன்... வயது அறுபத்தேழு... அன்னாரின் பிரிவால் வாடும்..." நிறுத்தினான்.

"வாடும்? யாரு வாடறது? சொல்லு."

"செண்பகவல்லி பஸ் நிர்வாகம்."

"நிர்வாகமே எனக்கு அறுபத்தேழுன்னு சொல்லிடுச்சு. போட்டோவும் போட்டிருக்குது. படமும் முகமும் ஒத்துப்போவுதா?"

எழிலரசன் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். வள்ளியம்மாள்தான் பதில் சொன்னாள். "கோவத்துல மூக்கு வெடைக்குதே, அது அச்சு அசலா ஒத்துப்போவுது."

விஷயம் கேள்விப்பட்டு சிவசங்கர் பைக்கில் வந்து இறங்கினார். முகமெல்லாம் வேர்வை. "இன்னா பெரியவரே, உயிரோட இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? எனக்கு எவ்ளோ அசிங்கம்?"

"உன் கண்டக்டர் என்னை டூப்புன்னான். அப்ப யாருக்கு அசிங்கம்? விரைவில்னு தமிழ்லதான போட்டேன்? படிக்காம நீ எதுக்கு வாடுன?"

சிவசங்கர் பேனரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், கடை திறக்கும் நேரத்தைப் பார்த்தார். "டேய், அரை டிக்கெட்டைக் குடுத்து வண்டிய எடு."

மிஷின் கிர்ரென்று டிக்கெட்டைத் துப்பியது. எழிலரசன் நீட்டினான். அரங்கநாதன் வாங்கவில்லை.

"அந்த வார்த்தை?"

எழிலரசன் டிக்கெட் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அறுபத்தேழுன்னு சொன்னது டூப்பு இல்ல. தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பச்சமுத்து மகன். "அப்ப பொங்கலுக்கு அம்பதுன்னு சொன்னீங்களே, அது இன்னாண்ணா?"

எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தார்கள். பேனரில் இருந்த வெள்ளைத்தலையும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. மண்டியில் மறுபேச்சு இல்லாத அந்த வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கோபப்படுவதற்கு யாரையாவது தேடினார். இந்த முறை அந்த பஸ்ஸில் அவரைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை.

"பொய்" என்றார்.

"கேக்கலண்ணா."

"பொய்தான்டா! அம்பதுன்னு சொன்னது பொய்! எனக்கு அறுபத்தேழு! போதுமா? இன்னும் சத்தமா சொல்லணுமா? கோட்டை மேல ஏறி நின்னு சொல்லட்டுமா?"

டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியது. வள்ளியம்மாள் கூடையை நகர்த்தி, மூத்த குடிமக்கள் என்று எழுதியிருந்த சீட்டில் இடம் செய்தாள். "வந்து உக்காருங்க பெரியவரே."

அரங்கநாதன் அவளைப் பார்த்த பார்வையில் கூடையிலிருந்த பூ வாடியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மண்டகப்பட்டு வரும்வரை நின்றுகொண்டே போனார்.